தட்டில் மிச்சம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கர்த்தருக்கு ஸ்தோத்திரம். காலை ஆராதனை முடிந்ததும் போதகர் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார். மாநில உணவியலாளர் சங்கத்தின் இந்த வருடத்துச் சாதனை விருது, தலைமைப் பண்பு விருது இரண்டும் எனக்கு. இருபத்தொன்பது வருடமாக உப்பைக் குறை, எண்ணெயைக் குறை என்று சொல்லிச் சொல்லிப் பாளையங்கோட்டையில் பாதிப் பேரிடம் திட்டு வாங்கியவளுக்கு விருதாம். சபையே கை தட்டியது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சும்மா சொல்லக் கூடாது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அத்தான் ஆரம்பித்துவிட்டார்கள். "உப்பில்லாம சமைக்கதுக்கெல்லாம் விருதுன்னா உங்கம்மைக்கு அப்பமே குடுத்திருக்கணும்லா?" தலைமையாசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து வகுப்பெடுக்கப் பெண்டாட்டி நான் ஒருத்திதான் மிச்சம். ஆனாலும் சிரித்துக்கொண்டே தெருக்கோடி வரை போய் லாலா கடை அல்வா வாங்கி வந்தார்கள். வழக்கமாக ஐம்பது கிராம்தான் நிறுத்துக் கொடுப்பேன். இன்று மட்டும் எழுபத்தைந்து.

சென்னையில் முப்பதாம் தேதி விழா. மேடையில் இரண்டு நிமிடம் பேசலாம். ஒத்திகையாக இங்கேயே எழுதிப் பார்க்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் வார்டில் நோயாளிக்குத்தான் சாப்பாடு, கூட இருப்பவருக்கு இல்லை என்பது பழைய வழக்கம். நோயாளி தன் சாப்பாட்டைத் துணைக்கு வந்தவருக்குக் கொடுத்துவிட்டுத் தான் பட்டினி கிடப்பார். காலித் தட்டைப் பார்த்து நாங்கள் அவர் சாப்பிட்டுவிட்டார் என்று எழுதிக்கொள்வோம். அதைக் கண்டுபிடித்து, துணைக்கும் ஒரு சாப்பாடு என்று மாற்றினோம். மூன்று வருடத்தில் எத்தனையோ பேருக்கு உடம்பு தேறியிருக்கிறது. விருது அதற்குத்தான்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள்: ஆண்டவர், அப்பா, அம்மா, அத்தான், எனக்குப் பாடம் சொல்லித்தந்த பேராசிரியை, எங்கள் சூப்பிரண்டு டாக்டர், என் உதவியாளர் நஸ்ரின், சமையல்கூடத்தில் ஒன்பது பேர், தட்டு எடுக்கும் பணியாளர்கள். யாரையும் விட்டுவிடவில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வார்டில் மாலை, கேக், படம். கேக்கில் எவ்வளவு சர்க்கரை என்று எல்லாரும் என்னையே கேட்டுச் சிரித்தார்கள். முன்பெல்லாம் டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வரும்போது நான் கடைசியில், தள்ளுவண்டிக்குப் பின்னால் நிற்பேன். "சமையல்காரம்மாவைக் கூப்பிடுங்க" என்று ஒரு டாக்டர் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது. இன்று சூப்பிரண்டு டாக்டர் தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டார். நன்றி, ஆண்டவரே.

மதியம் பணியாளர் சாப்பாட்டு அறையில் ஆளாளுக்கு வந்து கை கொடுத்ததில் சாப்பாடு பாதிக்கு மேல் மிச்சம். சலவைப் பகுதியில் வேலை பார்க்கும் பேச்சியம்மாள் மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் தட்டைக் கழுவிக்கொண்டு போனாள். சொல்லியே ஆக வேண்டும் என்று சட்டமா என்ன.

ஆகஸ்ட் 6, புதன்

தண்ணீர் மோட்டார் மறுபடி ரிப்பேர். விழாவுக்கு மாம்பழ நிறத்தில் பட்டு எடுத்தேன். ரவிக்கைக்கு அளவெடுத்த டெய்லர் அக்கா, "என்ன மேடம், ரெண்டு இஞ்சு குறைஞ்சிருக்கிய. எங்களுக்கும் அந்த டயட்ட சொல்லுங்க" என்றாள். மூன்று வருடத்தில் நாலு கிலோ குறைந்திருக்கிறேன். தைராய்டு பார்த்தாயிற்று, சர்க்கரை பார்த்தாயிற்று. ஒன்றுமில்லை. வயசு.

ஆகஸ்ட் 8, வெள்ளி

விருதுக்கு அனுப்பிய கட்டுரையை நஸ்ரின் அச்செடுத்து வந்து கொடுத்தாள். விழா மலரில் அதைத்தான் போடப் போகிறார்களாம். "தட்டுகள் காலியாகத் திரும்பியும் நோயாளிகள் மெலிவதைத் தமது கூர்மையான கவனிப்பால் தாமே கண்டறிந்த..." என்று ஒரு வரி.

"இந்தத் தாமேங்கிறது கொஞ்சம் ஜாஸ்தியோ?" என்றேன்.

"நீங்கதான மேடம் போன வருசம் கருத்தரங்குல அப்படிப் பேசினிய? அதத்தான் எடுத்து எழுதுனேன்." பிள்ளை கண்ணை அகல விரித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. அவள் மேல் என்ன குற்றம்?

ஜூன் மாதம் அதில் கையெழுத்துப் போடும்போது படித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அத்தான் கையில் கடிகாரத்தோடு உட்கார, நான் அடுப்படி வாசலில் நின்று பேசிக் காட்டினேன். மூன்று நிமிடம் நாற்பது வினாடி. "ஆண்டவருக்கும் உங்கப்பாவுக்கும் சேர்த்து ஒரே வரில முடி. ரெண்டு பேரும் கோவிச்சுக்கிட மாட்டாவ" என்றார்கள். பிறகு தாளைக் கையில் வாங்கிப் படித்தார்கள். "சமையக்காரங்க ஒம்பது பேருக்கும் பேரு போட்டிருக்க. தட்டு எடுக்கவங்களுக்கு மட்டும் பேரு இல்லையே?"

"அவங்க நாலஞ்சு பேரு, அத்தான். ஷிப்டுக்கு ஷிப்டு மாறுவாங்க."

"ஒம்பது பேர விட நாலஞ்சு பேரு கம்மிதான, சுகிர்தா?"

தோசைக்கல் காய்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். கல்லை அடுப்பில் வைக்கவே இல்லை என்பது உள்ளே போன பிறகுதான் தெரிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டயாலிசிஸுக்குச் சுடலைமுத்து வந்திருந்தார். களக்காட்டுப் பக்கம். வாரம் இரண்டு தடவை மனைவி இசக்கியம்மாளோடு பஸ்ஸில் வருகிறவர். முன்பு எலும்பும் தோலுமாக இருந்தவர் இப்போது நன்றாகத் தேறியிருக்கிறார். எங்கள் கட்டுரையில் முதல் நோயாளி என்று வருவது அவர்தான். விருதுச் செய்தி கேட்டு வீட்டு வாழையில் வெட்டிய ஒரு சீப்பு ஏத்தங்காய் எனக்குக் கொண்டுவந்திருந்தார்.

"நல்லா இருங்க மேடம். அந்தத் தட்டெடுக்க அக்காவுக்கும் குடுக்கணும்னு இன்னொரு சீப்பு வச்சிருக்கேன். இத்தன நாளா அவியள வார்டுல காணவே இல்லையே, எங்கன இருக்காவ?"

இசக்கியம்மாள் சேர்ந்துகொண்டாள். "எனக்கு மொதல்ல சோறு போட்டது அந்த அக்காதான. மாடிப்படிக்குக் கீழ உக்கார வச்சு, முழுசாத் தின்னுட்டுத்தான் எந்திரிக்கணும்னு சொல்லுவாவ. அவியளுக்கும் விருதுதான மேடம்?"

அந்த இன்னொரு சீப்பு என் மேசை மேலேயே இருக்கிறது. சலவைப் பகுதி இரண்டு கட்டடம் தள்ளித்தான்.

ஆகஸ்ட் 13, புதன்

எழுதிவிடுகிறேன். இதில் கூடப் பொய் எழுதினால் பிறகு இந்த நோட்டு எதற்கு.

மூன்று வருடத்துக்கு முன்பு, ஐப்பசி மழையில் சுடலைமுத்துவைச் சேர்த்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் படுக்கை. வேளைக்கு இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு, அளந்த சோறு, பருப்பு. சாப்பிட்ட தட்டை எடுத்து வருகிறவர் எங்களிடம் காட்ட வேண்டும். முழுசு, பாதி, கால் என்று நாங்கள் அட்டையில் குறிப்போம். அவர் தட்டு எப்போதும் முழுசு. ஆனால் ரத்தத்தில் புரதம் வாரத்துக்கு வாரம் இறங்கியது. இருபத்தாறு வருட அனுபவசாலியான நான் என்ன முடிவெடுத்தேன்? ஆள் வெளியே கண்டதை வாங்கித் தின்கிறார் என்று. "பத்தியத்தைக் கடைப்பிடிக்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதி, வார்டில் எல்லார் முன்னாலும் அவரைச் சத்தம் போட்டேன். மனுஷர் தலையைக் குனிந்துகொண்டார். அவர் எப்படி வாயைத் திறப்பார்? நோயாளியின் உணவைத் துணைக்கு வந்தவர்கள் தொட்டால் வெளியேற்றப்படுவார்கள் என்று வார்டு வாசலில் பலகை. எழுதி மாட்டச் சொன்னதே நான்தான்.

அப்போது அந்த வார்டில் தட்டு எடுத்தவள் பேச்சியம்மாள். மூன்று தடவை வந்து சொன்னாள். "மேடம், காலித் தட்டப் பாத்து ஏமாறாதிய. அந்தாளு திங்கல, அவரு பொண்டாட்டி திங்குதா. முட்டையத் துண்டுல முடிஞ்சு வச்சு அவளுக்குக் குடுக்காரு. அவ காலைலேருந்து டீத்தண்ணியோட கெடக்கா."

"ஒன் வேலை தட்டு எடுக்கது. அத மட்டும் பாரு" என்றேன். மூன்றாவது தடவை அதைச் சத்தமாகச் சொன்னேன்.

அதன் பிறகு அவள் என்னிடம் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பப்பட்ட நோயாளிகளின் பெயரில் தப்பித் தவறி வந்து நிற்கும் சாப்பாட்டை எடுத்து, மாடிப்படிக்குக் கீழே இசக்கியம்மாளுக்குக் கொடுத்தாள். பத்து நாள் கழித்து அதை நான் பார்த்துவிட்டேன். அன்றைக்கே கடிதம் எழுதினேன்: "நோயாளிகளுக்கான உணவை அனுமதியின்றி எடுத்து வெளியாருக்குக் கொடுத்தார்." மறுநாள் அவளைச் சலவைக்கு மாற்றினார்கள்.

இரண்டு வாரம் கழித்து சுடலைமுத்துவின் ரத்தப் பரிசோதனைத் தாள்களை வரிசையாக வைத்துப் பார்த்தேன். பேச்சி சாப்பாடு கொடுத்த பத்து நாளும் புரதம் ஏறியிருந்தது. அவளை மாற்றியதும் இறங்கியிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராக அவளிடம் போயிருக்க வேண்டும். நான் சூப்பிரண்டு டாக்டரிடம் போனேன், துணைக்கும் ஒரு சாப்பாடு என்ற திட்டத்தோடு. அவர், "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார். நான் தாள்களைக் காட்டினேன். பேச்சியின் பெயர் வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், பிறகு ஏன் அவள் மேல் கடிதம் கொடுத்தீர்கள் என்று கேட்பாரே என்று விழுங்கிவிட்டேன்.

அந்தக் கடிதத்தை மறந்துவிட்டேன் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை. ஒரு நாள்கூட மறக்கவில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மதியம் சாப்பாடு இறங்கவில்லை. பித்தமாக இருக்கும். இஞ்சி போட்டு மோர் குடித்தேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஏத்தங்காய்ச் சீப்பைத் தூக்கிக்கொண்டு சலவைப் பகுதிக்குப் போனேன். இயந்திரம் போடுகிற சத்தத்தில் கத்திப் பேச வேண்டியிருந்தது. பேச்சி படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்துவிட்டு மடிப்பைத் தொடர்ந்தாள்.

"சுடலைமுத்து குடுத்தாரு, ஒனக்கு."

"அங்கன வையிங்க."

வைத்தேன். பிறகும் நின்றேன். "பேச்சி, மேடைல ஒன் பேரச் சொல்லப் போறேன். மொதல்ல கண்டுபிடிச்சது நீதான்னு."

விரிப்பின் மறுமுனையை என் கையில் கொடுத்தாள். நானும் பிடித்து இழுத்து மடித்தேன். "மெட்ராசுல கை தட்டுனா இந்த மிசின் சத்தத்துல கேக்குமா மேடம்?" என்றாள். "சொன்னா சொல்லுங்க, சொல்லாட்டாப் போங்க. என் பைல்ல திருடுனவன்னு இருக்கே, அத என்ன செய்யப் போறிய?"

"திருடுனதா நான் எழுதலயே. அனுமதியில்லாம எடுத்ததாத்தான்..."

"அதுக்குப் பேரு என்ன மேடம்?"

அவள் அடுத்த விரிப்பை எடுத்தாள். "எம் மகளப் பொண்ணு கேட்டு வந்த எடத்துல, உங்கம்மைய ஏன் வார்டுலேருந்து மாத்துனாவன்னு கேட்டாவளாம். அவ என்கிட்ட கேட்டா. நான் என்னத்தச் சொல்ல? காகிதத்துல எழுதுனத நீங்க காகிதத்துலதான் மாத்தணும். மேடைல இல்ல."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன்.

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலக மேலாளர் ராயப்பனிடம் போய்ப் பேச்சியின் கோப்பை வாங்கிப் பார்த்தேன். என் முத்து முத்தான கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான்.

அந்தப் புகாரைத் திரும்பப் பெறுகிறேன் என்று எழுதிக் கொண்டுபோயிருந்த கடிதத்தைக் காட்டினேன். ராயப்பன் இரண்டு தடவை படித்தார். "நல்ல காரியந்தான் மேடம். ஆனா இதுல நீங்களே தப்பு பண்ணுனதா எழுதியிருக்கிய. நாளைக்கு சங்கத்துலேருந்து ஏதும் கேட்டா நான் மறைக்க முடியாதுல்லா? விருத வாங்கிட்டு வந்து குடுங்களேன். மூணு வருசம் இருந்தது, இன்னும் ரெண்டு வாரம் இருந்துட்டுப் போவுது."

மனுஷர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. கடிதத்தைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கடிதம் இன்னும் கைப்பையில்தான். எனக்கு அந்த விருது வேண்டும். இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வேண்டும். தள்ளுவண்டிக்குப் பின்னால் நின்ற வருடங்களுக்காக வேண்டும். அப்பா இருந்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்பதற்காக வேண்டும்.

மதியம் முருங்கைக்காய்ச் சாம்பார். எனக்குப் பிடித்தது. இரண்டு வாய்க்கு மேல் முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிர் மேசையிலிருந்து பேச்சி என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆகஸ்ட் 20, புதன்

காலை ஒன்பது மணிக்கு ராயப்பனிடம் கொடுத்துவிட்டேன். ஒன்பதே காலுக்குச் சங்கச் செயலாளர் டாக்டர் வைதேகிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுரையில் "தாமே" என்பது பொய், என்னிடம் சொன்னவளை நானே தண்டித்தேன் என்று. அந்தம்மா பேச்சியின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு, "சுகிர்தா, இதை நான் குழுவுல வைக்காம இருக்க முடியாது. என்ன முடிவெடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது" என்றார்.

"வையுங்க மேடம்" என்றேன்.

நஸ்ரினிடமும் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருந்தா நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன்லா மேடம்" என்று மட்டும் சொன்னாள். அது போதும், சுருக்கென்று இருந்தது.

சாயங்காலம் அத்தானிடம் சொன்னபோது பயந்துகொண்டே சொன்னேன். சபையில் எழுந்து நின்றது, அல்வா, பட்டு எல்லாம் வீணாகுமே. அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்கள். "போனா போவட்டும். பட்டு கிறிஸ்மஸுக்கு ஆவும்" என்றார்கள். இந்த மனுஷருக்காக உமக்கு நன்றி, ஆண்டவரே.

ஆகஸ்ட் 23, சனி

போன் வரவில்லை. அரைத்த மாவு புளித்துவிட்டது. நான் செய்யாத தப்பு இது ஒன்றுதான், வெயில்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

டாக்டர் வைதேகி கூப்பிட்டார். விருது உண்டு. ஆனால் சாதனைக்கு மட்டும். தலைமைப் பண்புக்கான விருதைத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பெண்ணுக்குக் கொடுக்கிறார்களாம். "வருத்தப்படாதீங்க. தனக்குக் கீழ உள்ளவங்களை நடத்தினதுல குறை இருக்குன்னு நீங்களே சொன்ன பிறகு அந்த வார்த்தையைப் போட எங்களுக்கு மனசு வரல" என்றார். கட்டுரையில் பேச்சியம்மாள் பெயரைச் சேர்த்துவிட்டார்களாம்.

நியாயம்தான். கொஞ்சம் வலிக்கிறது. கொஞ்சமென்ன, நன்றாகவே வலிக்கிறது. ஆனால் சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது நடை வேகமாக இருந்தது. அதற்கும் நன்றி.

ஆகஸ்ட் 28, வியாழன்

பேச்சியைச் சென்னைக்குக் கூப்பிட்டேன். "நான் வரல்ல மேடம். ரெண்டு நாள் லீவு போட்டா இந்தத் துணியெல்லாம் யாரு மடிப்பா?" என்றாள். ராயப்பன் என் புதுக் கடிதத்தின் நகலை அவளிடம் கொடுத்திருக்கிறார். மடித்து ரவிக்கைக்குள் வைத்திருந்ததை எடுத்துக் காட்டினாள். "மகள வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ரெண்டு தடவ" என்றாள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நேற்று விழா. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி. முதல் வரியிலேயே பேச்சியம்மாளின் பெயரைச் சொன்னேன், சமையலறை ஒன்பது பேருக்கும் முன்னால். அவள் மூன்று தடவை சொன்னதையும், நான் என்ன பதில் சொன்னேன் என்பதையும், பிறகு என்ன செய்தேன் என்பதையும் சொன்னேன். முன்வரிசையில் ஒரு வயதான டயட்டீஷியன் கைக்குட்டையை எடுத்தார். நான் இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஆஸ்பத்திரியிலயும் ஒருத்தி சொன்னாம்மா. நானும் கேக்கல" என்றார்.

அத்தான் எடுத்த படத்தில் என் தலை பாதிதான் இருக்கிறது. பட்டு முழுசாகத் தெரிகிறது.

செப்டம்பர் 1, திங்கள்

ராயப்பன் ஆணை போட்டுவிட்டார். பேச்சியம்மாள் இன்றிலிருந்து மறுபடி டயாலிசிஸ் வார்டு. காலையில் தள்ளுவண்டியோடு அவள் உள்ளே வந்ததும் இசக்கியம்மாள், "எக்கா!" என்று கத்தினாள். நர்ஸ் உதட்டில் விரல் வைத்தும் பலனில்லை. வார்டு வாசலில் இருந்த அந்தப் பழைய பலகையின் ஆணி அடித்த ஓட்டை இன்னும் சுவரில் இருக்கிறது. இன்றுதான் கவனித்தேன்.

அவள் தட்டு எடுக்கும்போது நானும் அட்டையோடு கூடவே நடந்தேன். ஒவ்வொரு படுக்கையிலும் தட்டைப் பார்ப்பதற்கு முன்னால் அவள் ஆளின் முகத்தைப் பார்க்கிறாள். "கசக்குதோ?" "பல்லு வலியா?" "யாரு கூடச் சண்ட?" என்று ஒரே ஒரு கேள்வி. அதற்கும் அட்டையில் இனிமேல் ஒரு கட்டம் வேண்டும்.

மதியம் சாப்பாட்டு அறையில் ரசம், கத்திரிக்காய்க் கூட்டு, அப்பளம். உட்கார்ந்ததும் தெரியவில்லை, சாப்பிட்டு முடித்ததும் தெரியவில்லை. பேச்சி பின்னாலிருந்து கையை நீட்டி என் தட்டை எடுத்தாள். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூணு வருசமா அந்த மேசையிலேருந்து உங்க தட்டப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். சோறு பாதி, கூட்டு அப்படியே. ஊருக்கெல்லாம் சாப்பிடச் சொல்லுதாவ, இவிய சாப்பிட மாட்டுக்காவளேன்னு நெனப்பேன். காரணமும் தெரியும். நான் எப்படிச் சொல்ல?"

நானும் எட்டிப் பார்த்தேன். தட்டில் ஒரு பருக்கை இல்லை.

பேச்சி என் முகத்தை உற்றுப் பார்த்தாள். "நீங்கதான் தின்னியளா மேடம்? இல்ல, வேற யாருக்கும் குடுத்தியளா?"

"நானேதான் தின்னேன், பேச்சி" என்றேன்.

"அப்ப முழுசுன்னு எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவக் கொண்டுபோனாள்.